கால்மாட்டில் நின்று பாருங்கள்: வார்டில் நோயாளியைக் கவனிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் வருட மாணவிகள் வார்டுக்கு வரும் முதல் நாள் அவர்கள் கையில் பி.பி. கருவியைக் கொடுக்க மாட்டேன். ஒரு கட்டிலின் கால்மாட்டில் நிற்கவைத்து, ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் பார்க்கச் சொல்வேன். ஒரு நிமிடத்திலேயே “பார்த்துவிட்டேன் சிஸ்டர்” என்று திரும்புவார்கள். என்ன பார்த்தாய் என்று கேட்டால், “பாட்டி படுத்திருக்கிறார்” என்பார்கள்.

பாட்டியின் தலைக்கு மூன்று தலையணை இருந்ததைப் பார்க்கவில்லை. அவர் தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டும் என்பதால்தான் மகள் அதை அடுக்கியிருக்கிறார். காலையில் வாங்கிவந்த இட்லிப் பொட்டலம் பிரிக்கப்படாமலே இருந்தது. சிறுநீர்ப் பையில் இருந்தது கொஞ்சம்தான், அதுவும் கடுந்தேநீர் நிறத்தில். கருவி எதுவும் இல்லாமலே இதயம், பசி, சிறுநீரகம் ஆகிய மூன்றைப் பற்றியும் அந்தக் கட்டில் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது.

இனி வருவது, ஒரு டியூட்டி தொடங்கும்போது ஒரு நோயாளியிடம் என்னென்ன பார்க்க வேண்டும், எந்த வரிசையில், பார்த்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது. எண்கள் எல்லாம் பெரியவர்களுக்கானவை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கணக்கு வேறு.

கட்டிலுக்குப் போகும் முன்

கேஸ் ஷீட்டைத் திறந்து முந்தைய 24 மணி நேர அளவுகளைப் படியுங்கள். நாடி 96 என்பது தனியாகப் பார்த்தால் சாதாரணம். நேற்று 68, இன்று காலை 82, இப்போது 96 என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது. நோயாளி மோசமாவது பெரும்பாலும் படிப்படியாகத்தான். அந்தப் படிகள் தாளில் முன்பே இருக்கும், யாரும் வரிசையாகச் சேர்த்துப் படித்திருக்க மாட்டார்கள்.

அடுத்து கை. சாராயம் கலந்த கைத்திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தாலோ, நோயாளிக்கு வயிற்றுப்போக்கு இருந்தாலோ சோப்புதான். கையுறை போட்டுவிட்டோம் என்பதால் கை கழுவாமல் விடுவது நம் வார்டுகளில் பரவலான தவறு. ஒரே கையுறையோடு நான்கு கட்டில்களைச் சுற்றி வருபவர் தன் கையை மட்டுமே காப்பாற்றிக்கொள்கிறார்.

ஆளை உறுதி செய்ய “நீங்கள் லட்சுமியம்மாதானே?” என்று கேட்காதீர்கள். காது மந்தமானவர், மயக்கத்தில் இருப்பவர், சிஸ்டர் கேட்டால் ஆமாம் சொல்ல வேண்டும் என்று நினைப்பவர் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். “உங்கள் பெயர் என்ன அம்மா? வீட்டுக்காரர் பெயர்?” என்று கேட்டு அவர்கள் வாயால் சொல்ல வையுங்கள். பிறகு உள்நோயாளி எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரே வார்டில் இரண்டு லட்சுமி இருப்பது நமக்குப் புதிதல்ல. கட்டில் எண்ணை நம்பவே கூடாது. மின்விசிறிக்கு அடியில் இருக்கும் கட்டிலுக்கு இரவோடு இரவாக மாறிவிடுவார்கள்.

மூச்சு

எல்லா அளவுகளிலும் பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சு. எல்லோரும் ஏமாற்றி எழுதுவதும் அதைத்தான். எந்த வார்டின் தாளையும் எடுத்துப் பாருங்கள். மூச்சுப் பத்தியில் 20, 20, 20 என்று வரிசையாக இருக்கும். முப்பது நோயாளிகளும் ஒரே தாளத்தில் மூச்சு விடுகிறார்கள் போலும்.

நானும் அப்படி எழுதியவள்தான். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம், மெடிசின் வார்டில் இரவு டியூட்டி. காலில் சர்க்கரைப் புண்ணோடு சேர்ந்த அறுபது வயதுக்காரர் ஒருவர். இரவு பத்து மணிக்கு அவர் தாளில் மூச்சு 20 என்று எழுதினேன். எண்ணவில்லை. இரண்டு மணிக்கு அவர் மனைவி வந்து, “சிஸ்டர், இவர் ஒரு மாதிரி மூச்சு வாங்குகிறார், எப்போதும் இப்படி இல்லை” என்றார். போய் எண்ணினேன். 34. பி.பி. அப்போதும் 110/70, காய்ச்சல் 99 தான். அந்த இரண்டு எண்களைப் பார்த்து நிம்மதியடைந்திருந்தால் அவர் பிழைத்திருக்க மாட்டார். விடிவதற்குள் பி.பி. 80க்கு இறங்கியது. புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், மூன்று வாரம் கழித்து நடந்தே வீட்டுக்குப் போனார். பத்து மணிக்கு உண்மையில் எத்தனை இருந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

எண்ணும் முறை இதுதான். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் நாடியை எண்ணுங்கள், பிறகு கையை விடாமலே பார்வையை மட்டும் மார்புக்கு மாற்றுங்கள். மூச்சை எண்ணப் போகிறேன் என்று சொன்னால் அவர் மூச்சு மாறிவிடும். போர்வைக்குள் அசைவு தெரியவில்லை என்றால் பிடித்திருக்கும் அந்தக் கையை அவர் வயிற்றின் மேல் வைத்து எண்ணலாம். முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறியது நான்காகிவிடும்.

ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சரி. பிரிட்டனில் 2012இல் வந்து 2017இல் திருத்தப்பட்ட ‘நியூஸ் 2’ என்ற முன்னெச்சரிக்கை முறையில் ஒவ்வொரு அளவுக்கும் ஆபத்துக்கு ஏற்ப மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள்; மூச்சு 25 அல்லது அதற்கு மேல் போனாலோ, 8 அல்லது அதற்குக் கீழே இறங்கினாலோ அந்த ஒரு அளவுக்கு மட்டுமே உச்ச மதிப்பெண்ணான 3 கிடைக்கும். வேகத்தோடு விதத்தையும் பாருங்கள். கழுத்துத் தசைகள் இழுக்கின்றனவா? ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடிகிறதா, இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை நிற்கிறாரா? சர்க்கரை நோயாளி ஓடிவந்தவர்போல ஆழமாகவும் வேகமாகவும் மூச்சுவிட்டு, வாயில் அழுகிய பழ வாசனை அடித்தால் ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கக்கூடும். மார்ஃபின் போன்ற வலி மருந்து போட்டவர் நன்றாகத் தூங்குகிறார் என்று விட்டுவிடாமல் எண்ணுங்கள். மூச்சு குறைந்துகொண்டே போகும் ஆபத்து அந்தத் தூக்கத்தில்தான் இருக்கிறது.

நாடி, சூடு, பி.பி., ஆக்சிஜன்

நாடி 60 முதல் 100. எண்ணிக்கையோடு சீராக இருக்கிறதா என்பதையும் விரல் சொல்லும். தாளம் தப்பினால் ஒரு நிமிடம் முழுதாக எண்ணி, ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்து இதயத் துடிப்பையும் எண்ணுங்கள். கருவி காட்டும் எண்ணை மட்டும் எழுதுபவருக்குத் தாளம் தப்புவது தெரியாமலே போய்விடும்.

காய்ச்சல் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினால் நாடி ஏறத்தாழ பத்து ஏறும். காய்ச்சல் 103 இருந்தும் நாடி 80தான் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், டைபாய்டில் அப்படி வருவதுண்டு. அக்குளில் பார்ப்பதாக இருந்தால் வியர்வையைத் துடைத்துவிட்டு வையுங்கள். வாயில் காட்டுவதைவிட ஏறத்தாழ ஒரு டிகிரி குறைவாகக் காட்டும் என்பதால், எங்கே பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். வயதானவர்களுக்குக் கடுமையான தொற்றிலும் காய்ச்சல் வராமல் போகலாம். சூடு 96.8க்குக் கீழே இறங்குவதும் அபாய அறிகுறிதான்.

பி.பி.யில் பெரிய தவறுகள் பட்டையில்தான் நடக்கின்றன. பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத உயர் ரத்த அழுத்தத்தைக் காட்டும். ரவிக்கைக் கையின் மேல் கட்டுவது, சட்டையை இறுக்கமாகச் சுருட்டிவிட்டுக் கட்டுவது, பேசிக்கொண்டே பார்ப்பது எல்லாமே எண்ணை மாற்றும். கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்திருக்கும் கையில் ஒருபோதும் கட்டாதீர்கள். மார்பக அறுவை சிகிச்சையில் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை எடுத்த பக்கத்தையும் தவிர்த்துவிடுங்கள். தலைசுற்றுகிறது என்பவருக்குப் படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், அவரைத் தனியாகக் கழிப்பறைக்கு அனுப்பக் கூடாது.

ஆக்சிமீட்டர் பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு எல்லோர் வீட்டுக்கும் வந்துவிட்டது, ஆனால் அதன் குறைகளைப் பற்றிய அறிவு கூடவே வரவில்லை. குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சு போட்ட விரலிலும் தப்பாகக் காட்டும். ரத்தசோகை உள்ளவருக்கு 99 காட்டலாம், இருக்கும் கொஞ்ச ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கிறது என்பது மட்டும்தான் அதன் பொருள். நீண்டகால நுரையீரல் அடைப்பு நோயுள்ளவர்களில் பலருக்கு டாக்டர்கள் 88 முதல் 92 வரையே இலக்கு வைப்பார்கள். அவர்களுக்கு 98 வரட்டும் என்று ஆக்சிஜனை ஏற்றிவிடுவது கெடுதல். அளவை எழுதும்போது வெறும் காற்றிலா, எத்தனை லிட்டர் ஆக்சிஜனிலா என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் அந்த எண்ணால் பயன் இல்லை.

நினைவு

நான்கு படிகளில் பாருங்கள். தானாக விழித்திருக்கிறாரா, கூப்பிட்டால் விழிக்கிறாரா, வலி கொடுத்தால் மட்டும் அசைகிறாரா, எதற்கும் அசைவில்லையா. விரிவாக வேண்டுமென்றால் 1974இல் கிளாஸ்கோவில் உருவான அளவுகோல் இருக்கிறது. கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. எட்டு அல்லது அதற்குக் கீழே என்றால், சுவாசப்பாதையைத் தானாகக் காத்துக்கொள்ள முடியாதவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கூட்டுத்தொகையோடு மூன்று எண்களையும் தனித்தனியே எழுதுங்கள்.

விழித்திருப்பவருக்கும் குழப்பம் இருக்கலாம். “இது எந்த ஊர் ஐயா? காலையா, சாயங்காலமா? பக்கத்தில் இருப்பது யார்?” என்று கேளுங்கள். பிறகு கூட இருப்பவரிடம், “வழக்கமாக இப்படித்தான் பேசுவாரா?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு நிகரான பரிசோதனைக் கருவி எங்கள் வார்டுக்கு இன்னும் வரவில்லை. நேற்றுவரை பேரனின் பள்ளிக்கூடக் கட்டணத்தைக் கணக்குப் போட்டவர் இன்று மகளையே யார் என்று கேட்டால், வயதானால் இப்படித்தான் என்று தள்ளிவிட முடியாது.

குழப்பமோ மயக்கமோ எதுவாக இருந்தாலும் உடனே ஊசிமுனை ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, அவர் விழித்து விழுங்க முடிகிறவர் என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மயங்கியவருக்குச் சோடா உடைத்து ஊற்றுவது நம் ஊர் வழக்கம், வார்டிலும் உறவினர்கள் அதைச் செய்யப் பார்ப்பார்கள். கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள், அந்தச் சோடா நுரையீரலுக்குத்தான் போகும். அவருக்கு வேண்டியது டாக்டர் சொல்லி நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ்.

தண்ணீர்க் கணக்கு

கிலோவுக்கு மணிக்கு அரை மி.லி. சிறுநீராவது வர வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மி.லி. இதற்குக் கீழே சில மணி நேரம் தொடர்ந்தால் சொல்லியாக வேண்டும். கணக்குத் தப்புவது இரண்டு இடத்தில். பை நிறைந்ததும் கூட இருப்பவர் நல்லெண்ணத்தில் கழிப்பறையில் கொட்டிவிட்டு வந்துவிடுவார். அளவு போட்ட பாட்டிலைக் கொடுத்து, எழுதத் தெரியாதவர் என்றால் சுவரில் கோடு போடச் சொல்லுங்கள். உள்ளே போகும் கணக்கில் டம்ளர் ஏமாற்றும். அவர்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். சிலது 150 மி.லி. பிடிக்கும், சிலது 250. கஞ்சி, மோர், காபி எல்லாம் கணக்கில் வரும். சிறுநீரகம் பழுதானவரைப் பார்க்க வருபவர்கள் இளநீரோடு வந்தால் தடுக்க வேண்டியதும் நீங்கள்தான். அதில் பொட்டாசியம் அதிகம்.

ட்ரிப்ஸ் கணக்கும் இங்கேதான் வருகிறது. 500 மி.லி.யை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், குழாய் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விடுவது என்றால், 500ஐ 20ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. எத்தனை சொட்டு என்பது உறையில் அச்சிட்டிருக்கும், பார்த்த பிறகு கணக்குப் போடுங்கள்.

தோல்

படுக்கைப்புண்ணை ஆற்றுவதற்கு மாதங்கள் ஆகும், வருவதற்கு ஒரு இரவு போதும். வாலெலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், பின்மண்டை, ஆக்சிஜன் குழாய் அழுத்தும் காதின் பின்புறம் ஆகிய இடங்களைத் தினமும் துணி விலக்கிப் பாருங்கள். அழுத்தினால் வெளுக்காத சிவப்புதான் முதல் நிலை என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். நம் மக்களின் மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் அந்தச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கருத்திருக்கிறதா என்று பாருங்கள், புறங்கையை வைத்துச் சூடாக இருக்கிறதா, கெட்டியாகவோ சொதசொதவென்றோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டுங்கள். நேர் பக்கவாட்டில் படுக்கவைத்தால் இடுப்பெலும்பில் முழு எடையும் இறங்கும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். இழுக்காதீர்கள், இழுக்கும்போது தோல் உள்ளிருந்து கிழியும். பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்து இடுப்புக்கு அடியில் போட்டுவிட்டால், இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்திவிடலாம். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவதும், காற்றடைத்த வளையத்தின் மேல் உட்காரவைப்பதும் பழைய பழக்கங்கள், இரண்டும் புண்ணைப் பெரிதாக்கும். வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர் வீட்டுக்கே வருகிறார். அப்படி வரும்போது சேலை மடிப்பையும் புரட்டுவதையும் வீட்டாரைச் செய்யச் சொல்லி, அவர் பார்த்துத் திருத்தினால்தான் அவர் போன பிறகும் அது நடக்கும்.

ஊட்டுவது

பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் சோதனை முடியும்வரை தண்ணீர்கூடக் கிடையாது. ஊட்டலாம் என்ற பிறகும் நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியால், ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய். சாப்பிட்டதும் குரல் ஈரமாகக் கரகரத்தாலோ இருமினாலோ நிறுத்திவிடுங்கள். மூக்குக் குழாய் உள்ளவருக்குத் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, குழாயில் போட்ட குறி மூக்கருகில் அதே இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். காற்றடித்து வயிற்றில் சத்தம் கேட்பதை நம்பாதீர்கள், குழாய் தவறான இடத்தில் இருந்தாலும் சத்தம் வரும். வாய் வழியாகச் சாப்பிடாதவருக்கும் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். அங்கே தங்கும் அழுக்குதான் பிறகு நிமோனியாவாகிறது.

மருந்து

சரியான ஆள், மருந்து, அளவு, வழி, நேரம் என்ற ஐந்தும் உங்களுக்கு மனப்பாடம் என்பதால் இன்சுலினை மட்டும் சொல்கிறேன். நம் நாட்டில் மி.லி.க்கு 40 யூனிட் புட்டியும் உண்டு, 100 யூனிட் மருந்தும் உண்டு. 40க்கான ஊசிக்குச் சிவப்பு மூடி, 100க்கானதற்கு ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் எடுத்தால் உள்ளே போவது இரண்டரை மடங்கு. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு வகையும் வீட்டில் வேறு வகையும் வைத்திருப்பவர்களை வீட்டுக்கு அனுப்பும்போது, ஊசியையும் புட்டியையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள்.

டாக்டரைக் கூப்பிடுவது

நடுராத்திரியில் “நோயாளி சரியில்லை டாக்டர்” என்றால், காலையில் பார்க்கலாம் என்ற பதில் வருவதில் வியப்பில்லை. நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என்ன வேண்டும் என்ற வரிசையில், தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்:

“டாக்டர், மெடிசின் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பேசுகிறேன். 12ஆம் கட்டில் நோயாளிக்கு மூச்சு 30, மாலை ஆறு மணிக்கு 18 இருந்தது. நாடி 116, பி.பி. 104/60, சூடு 100.4, வெறும் காற்றில் ஆக்சிஜன் 92. மனைவியை அடையாளம் தெரியவில்லை. சர்க்கரை 210. 62 வயது, காலில் புண்ணோடு நேற்றுச் சேர்ந்தவர். நியூஸ் மதிப்பெண் 11. தொற்று ரத்தத்தில் பரவிவிட்டதோ என்று தோன்றுகிறது. நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும். வருவதற்குள் என்ன தொடங்கட்டும்?”

அரை நிமிடத்தில் முடிந்துவிடும். நியூஸ் முறையில் மொத்தம் 5 வந்தாலே அவசரம், 7 என்றால் உச்ச அவசரம். அழைத்த நேரம், யாரிடம் பேசினீர்கள், என்ன சொன்னார் என்பதை உடனே எழுதுங்கள். வரத் தாமதமானால் அவருக்கு மேலே இருப்பவரை அழைக்கத் தயங்காதீர்கள்.

டியூட்டி மாற்றும்போது

மேசையில் உட்கார்ந்து ஒப்படைக்காமல், அடுத்த சிஸ்டரோடு கட்டில் கட்டிலாகப் போங்கள். ட்ரிப்ஸ் பாட்டிலில் மீதி எவ்வளவு, பை எப்போது காலி செய்தது, எந்தப் பக்கம் புரட்டியிருக்கிறது, இரவில் எதைக் கவனிக்க வேண்டும் என்று நோயாளி கேட்கும்படியே சொல்லுங்கள். தவறாகச் சொன்னால் அவரோ கூட இருப்பவரோ திருத்துவார். உங்களுக்குக் கவலை தரும் நோயாளியின் மூச்சை மட்டும் இருவரும் சேர்ந்து நின்று ஒரு நிமிடம் எண்ணி, தாளில் எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.